ஒரே விசா, நான்கு நாடுகள்: ஐரோப்பாவில் இலையுதிர் கால கார் பயணத்தை எப்படி பிளான் செய்வது?

ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையத்தில் வாடகை கார் எடுத்துக் கிளம்பினால், இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்திரியா வந்துவிடும். அங்கே ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினால் இத்தாலி. இன்னும் அரை நாள் ஓட்டினால் ஸ்லோவேனியா. நான்கு நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். நான்கிலும் யூரோதான் பணம். பல எல்லைகளில் நாட்டின் பெயர் எழுதிய நீல நிறப் பலகை மட்டுமே நிற்கும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பலகையைத் தாண்டியதும் டோல் முறை, வேக வரம்பு, டயர் சட்டம் எல்லாமே மாறிவிடும். யாரும் நிறுத்திச் சொல்ல மாட்டார்கள். கேமரா படம் எடுத்துக்கொள்ளும். ஊர் திரும்பி சில மாதங்கள் கழித்து அபராதம் வரும்.

இலையுதிர் காலம் என்றால் இன்னொரு ரிஸ்க்கும் உண்டு. காலையில் திறந்திருக்கும் மலைச்சாலை, மாலையில் பனியால் மூடப்படலாம். பல மாதங்கள் சேமித்த பணத்தில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, இதில் எந்த ஒன்று தவறினாலும் பயணமே கெட்டுவிடும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே சமாளிப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

எப்போது போகலாம்?

செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் மூன்றாவது வாரம் வரை நல்ல சமயம். கோடைக்காலக் கூட்டம் குறைந்திருக்கும். இத்தாலியின் டோலோமைட்ஸ் மலைப்பகுதியில் லார்ச் மரங்கள் அக்டோபர் நடுவில் பொன் நிறத்துக்கு மாறத் தொடங்கும். ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் கோடை முழுவதும் மலை மேல் மேய்ந்த மாடுகளை செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பூ, மணி கட்டி கீழே ஓட்டி வருவார்கள். அந்த நாட்களில் கிராமச் சாலைகளில் கார்கள்தான் மாடுகளுக்கு வழிவிட வேண்டும்.

மியூனிக்கில் மட்டும் ஒரு எச்சரிக்கை. புகழ்பெற்ற அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழா, பெயருக்கு மாறாக செப்டம்பரிலேயே தொடங்கி அக்டோபர் முதல் ஞாயிறு வாக்கில் முடிகிறது. அந்த நாட்களில் நகரில் ஹோட்டல் வாடகை எகிறிவிடும். எனவே அக்டோபர் இரண்டாவது வாரத்தில் கிளம்புவது பர்ஸுக்கும் நல்லது, மரங்களின் நிறமும் சரியாக இருக்கும்.

அக்டோபர் இறுதி வரை தள்ளிப்போட்டால் வேறு பிரச்னை. மலைப்பகுதி ஊர்களில் கோடை சீசனுக்கும் பனிச்சறுக்கு சீசனுக்கும் இடையே ஒரு 'ஆஃப் சீசன்' உண்டு. பல கேபிள் கார்களும் மலை விடுதிகளும் அப்போது மூடப்படும். வண்ணம் இருக்கும், மேலே போக வழி இருக்காது.

10 இரவு, 4 நாடுகள்: எந்த ரூட்?

மியூனிக்கில் தொடங்கி மியூனிக்கிலேயே முடியும் வட்டப்பாதை இது. சுற்றிப் பார்ப்பதையும் சேர்த்து மொத்தம் சுமார் 1,200 முதல் 1,300 கி.மீ. வரும்.

1-வது இரவு: மியூனிக். விமானத்தில் இறங்கிய அன்றே மலைச்சாலையில் ஓட்டக் கூடாது. தூக்கக் கலக்கத்தோடு, பழக்கமில்லாத வலதுபுறச் சாலையில் ஓட்டுவது ஆபத்து.

2, 3-வது இரவுகள்: ஆஸ்திரியாவின் ஸெல் ஆம் ஸே. ஏரிக்கரை ஊர். கிராஸ்க்ளாக்னர் மலைச்சாலைக்கு வாசல் இதுதான்.

4, 5-வது இரவுகள்: இத்தாலியின் கோர்டினா. டோலோமைட்ஸ் நடுவில் இருக்கும் ஊர். 1956, 2026 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளை நடத்திய இடம்.

6, 7-வது இரவுகள்: ஸ்லோவேனியாவின் பிளெட். ஏரி நடுவில் தீவு, தீவில் தேவாலயம், ஏறிப் போக 99 படிகள். ஏரியைச் சுற்றி நடந்தால் சுமார் 6 கி.மீ. தலைநகர் லியுப்லியானா ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

8, 9-வது இரவுகள்: ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க். இசைமேதை மொஸார்ட் பிறந்த ஊர். ஹால்ஸ்டாட் ஏரி கிராமத்துக்கு ஒரு நாளில் போய் வரலாம்.

10-வது இரவு: மீண்டும் மியூனிக். மறுநாள் விமானம்.

மலையை முதலில் வைப்பது ஏன்?

இந்தத் திட்டத்தில் ஊர்களை மாற்றலாம், வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது. ஆல்ப்ஸில் பனி மேலிருந்து கீழே இறங்கும். நாள் ஆக ஆக உயரமான சாலைகள் மூடப்படும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். அதனால் உயரமான இடங்களை முதல் பாதியில் முடித்துவிட வேண்டும். பிளெட், லியுப்லியானா, சால்ஸ்பர்க் போன்ற தாழ்வான இடங்களை இரண்டாம் பாதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கிராஸ்க்ளாக்னர் சாலை 1935-ல் திறக்கப்பட்டது. 48 கி.மீ. நீளம், 36 கொண்டை ஊசி வளைவுகள். சாலை செல்லும் ஹாக்டோர் கணவாயின் உயரம் 2,504 மீட்டர். வழக்கமாக மே தொடக்கத்தில் திறந்து நவம்பர் தொடக்கத்தில் மூடுவார்கள். இரவில் அனுமதி கிடையாது. இடையில் பனி கொட்டினால் எந்த நாளிலும் மூடப்படலாம். 2024 செப்டம்பர் நடுவிலேயே ஆல்ப்ஸ் பகுதியில் கடும் பனி பெய்தது. காலண்டரை மட்டும் நம்பிப் போக முடியாது என்பதற்கு அது ஒரு உதாரணம்.

ஸெல் ஆம் ஸே ஊரில் இரண்டு இரவு வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு நாள் மேகம் மூடியிருந்தால் மறுநாள் ஒரு வாய்ப்பு இருக்கும். இரண்டு நாளும் சாலை திறக்கவில்லையா? டென்ஷன் வேண்டாம். அருகிலுள்ள மிட்டர்ஸில் ஊரிலிருந்து ஃபெல்பர்டவர்ன் சுரங்கப்பாதை செல்கிறது. 5 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள இந்தச் சுரங்கம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். தனி டோல் கட்ட வேண்டும். மலையின் மேலே ஏறாமல், உள்ளே புகுந்து மறுபக்கம் லியென்ஸ் நகருக்கு வந்துவிடலாம். அங்கிருந்து கோர்டினா இரண்டு மணி நேரத்துக்குள்தான்.

கோர்டினாவைச் சுற்றி ஜியாவ், ஃபால்ஸரேகோ, போர்டோய் என எல்லாமே 2,000 மீட்டரைத் தாண்டிய கணவாய்கள். இங்கே தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிட முடியாது. வளைவுகள், சைக்கிள்காரர்கள், படம் எடுக்க நிற்பது எல்லாம் சேர்ந்து சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ.யைத் தாண்டாது. மேப் 3 மணி நேரம் என்று காட்டினால் 5 மணி நேரம் ஒதுக்குவது பாதுகாப்பானது.

விசாவை எந்த நாட்டிடம் கேட்பது?

நிறைய பேர் தவறு செய்யும் இடம் இது. 'மியூனிக்கில்தானே இறங்குகிறோம், ஜெர்மனி விசா எடுக்கலாம்' என்று நினைப்பார்கள். ஷெங்கன் விதி அப்படிச் சொல்லவில்லை. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்து, எது முக்கிய நாடு என்று சொல்ல முடியாவிட்டால் மட்டுமே முதலில் நுழையும் நாடு.

மேலே சொன்ன திட்டத்தில் ஜெர்மனியில் 2 இரவு, இத்தாலியில் 2, ஸ்லோவேனியாவில் 2. ஆஸ்திரியாவில் மட்டும் 4. எனவே விமானம் மியூனிக்கில் இறங்கினாலும் விண்ணப்பம் போக வேண்டியது ஆஸ்திரியாவுக்கு. ஹோட்டல் புக்கிங்கும் பயணத் திட்டமும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். அதனால் ரூட்டை முடிவு செய்த பிறகே விசா வேலையைத் தொடங்குவது சரி.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் கொடுத்திருக்க வேண்டும். முடிவு தெரிய வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை ஆகலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளுக்கு 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விசா மையக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவப் பயணக் காப்பீடு கட்டாயம்.

உள் எல்லைகளில் சோதனையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனி 2024 செப்டம்பரில் தனது எல்லா தரைவழி எல்லைகளிலும் சோதனையை நீட்டித்தது. சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் திரும்பும்போது எல்லையில் கார்கள் வரிசையில் நிற்க வேண்டி வரலாம். அதனால்தான் கடைசி இரவை மியூனிக்கில் வைப்பது நல்லது. பாஸ்போர்ட்டைப் பெட்டியில் பூட்டாமல் கையோடு வைத்திருக்க வேண்டும்.

லைசென்ஸும் வாடகை காரும்

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகம் மூலம் பெறலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். இரண்டையும் அசலாக எடுத்துச் செல்ல வேண்டும். அனுமதியை மட்டும் காட்டினால் செல்லாது.

கார் புக் செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

• எந்தெந்த நாடுகளுக்குப் போகிறோம் என்பதை முன்பே நிறுவனத்திடம் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். சொல்லாமல் எல்லை தாண்டினால் காப்பீடு செல்லாமல் போகலாம்.

• ஒரு நாட்டில் எடுத்து வேறு நாட்டில் விட்டால் பெரிய தொகை கூடுதலாகக் கேட்பார்கள். வட்டப்பாதை போடுவதன் லாபம் இதுதான்.

• டெபாசிட்டுக்கு, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பது வழக்கம். டெபிட் கார்டை பல இடங்களில் ஏற்பதில்லை.

• ஆட்டோமேட்டிக் கியர் கார் வேண்டும் என்றால் சீக்கிரமே புக் செய்ய வேண்டும். வாடகை சற்று கூடும். இடதுபுற ஸ்டீயரிங், வலதுகை கியர் என்று புதிதாகப் பழகுவதை விட இது நிம்மதி.

• காரை எடுக்கும்போதே நான்கு பக்கமும் வீடியோ எடுத்து வைப்பது நல்லது.

டோல்: நாட்டுக்கு நாடு வேறு கணக்கு

ஜெர்மனி: கார்களுக்கு நெடுஞ்சாலை டோல் கிடையாது.

ஆஸ்திரியா: 'வினியெட்' எனப்படும் பாஸ் வாங்க வேண்டும். கார் நம்பரை வைத்து ஆன்லைனில் டிஜிட்டலாக எடுக்கலாம். 10 நாள் பாஸ் 2025-ல் 12.40 யூரோ. ஒவ்வொரு ஆண்டும் விலை சற்று மாறும். இந்தத் திட்டத்தில் 2-வது நாள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்து 10-வது நாள் வெளியேறுவதால், நடுவே இரண்டு நாடுகளுக்குப் போய் வந்தாலும் ஒரே பாஸ் போதும். ஒரு வாரம் இத்தாலியில் கூடுதலாகத் தங்கினால் இரண்டாவது பாஸ் வாங்க வேண்டி வரும்.

கிராஸ்க்ளாக்னர் சாலைக்கு இந்த பாஸ் செல்லாது. அதற்குத் தனியாக 40 யூரோவுக்கு மேல் கட்ட வேண்டும். ஸ்லோவேனியாவிலிருந்து திரும்பும் வழியில் கராவாங்கன் சுரங்கத்துக்கும், டவர்ன் நெடுஞ்சாலைச் சுரங்கங்களுக்கும் தனித்தனி டோல் உண்டு.

ஸ்லோவேனியா: இங்கும் வினியெட்தான், முழுக்க டிஜிட்டல். காருக்கான ஒரு வாரப் பாஸ் 2025-ல் 16 யூரோ. இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 300 யூரோவில் தொடங்கும்.

இத்தாலி: நெடுஞ்சாலையில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது தூரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். 'டெலிபாஸ்' என்று மஞ்சள் நிறத்தில் எழுதியிருக்கும் லேனில் நுழையக் கூடாது. அது முன்பே கருவி பொருத்திய கார்களுக்கானது.

எல்லாம் சேர்த்தால் டோல் மட்டும் 100 யூரோ, அதாவது சுமார் 10,000 ரூபாய் வரை ஆகும்.

பாஸை எல்லை தாண்டும் முன் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் வாடகை காரின் நம்பர் கையில் சாவி வந்த பிறகுதான் தெரியும். எனவே முதல் இரவு மியூனிக்கில் உட்கார்ந்து இதை முடித்துவிடலாம். நம்பரை ஒரு முறைக்கு இரு முறை சரிபார்ப்பது அவசியம். ஓர் எழுத்து தவறினாலும் பாஸ் இல்லாததற்குச் சமம். அதிகாரபூர்வ தளங்கள் போலவே தோற்றமளித்து கூடுதல் காசு வாங்கும் இடைத்தரகர் தளங்களும் இருக்கின்றன. ஆஸ்திரியாவுக்கு ஆஸ்ஃபினாக், ஸ்லோவேனியாவுக்கு டார்ஸ் ஆகிய நிறுவனங்களின் தளங்களே அதிகாரபூர்வமானவை.

வேக வரம்பு எவ்வளவு?

நெடுஞ்சாலையில் ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்லோவேனியா மூன்றிலும் மணிக்கு 130 கி.மீ. இத்தாலியில் மழை பெய்தால் 110. ஜெர்மனியில் சில பகுதிகளில் வரம்பே இல்லை, 130 என்பது பரிந்துரை மட்டுமே. ஊருக்கு வெளியே சாதாரண சாலைகளில் ஜெர்மனி, ஆஸ்திரியாவில் 100, இத்தாலி, ஸ்லோவேனியாவில் 90. ஊருக்குள் நான்கிலும் 50. பலகையில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம்.

ஜெர்மனியில் இடது லேன் முந்துவதற்கு மட்டும். அதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் பின்னால் 200 கி.மீ. வேகத்தில் ஒரு கார் வந்து நிற்கும்.

டிராஃபிக் ஜாம் ஆனால் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியாவில் ஒரு கட்டாய விதி உண்டு. இடது ஓர லேனில் இருப்பவர்கள் இடதுபக்கமாகவும், மற்ற லேன்களில் இருப்பவர்கள் வலதுபக்கமாகவும் ஒதுங்கி, நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும். சைரன் சத்தம் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. வேகம் குறையும்போதே செய்துவிட வேண்டும்.

இத்தாலியின் கண்ணுக்குத் தெரியாத கேட்

இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் 'இசட்.டி.எல்.' எனப்படும் தடைசெய்யப்பட்ட மண்டலங்கள் உண்டு. அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே உள்ளே போகலாம். கேட் இருக்காது, காவலர் இருக்க மாட்டார். சிவப்பு வட்டமிட்ட வெள்ளைப் பலகையும் கேமராவும் மட்டுமே இருக்கும். தெரியாமல் நுழைந்து, தவறு என்று திரும்பி, மறுபடி நுழைந்தால் இரண்டு அபராதம்.

நோட்டீஸ் முதலில் வாடகை நிறுவனத்துக்குப் போகும். ஓட்டியவரின் விவரத்தைப் போலீஸுக்குக் கொடுத்ததற்காக நிறுவனம் கார்டிலிருந்து ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும். அபராதம் தனியாக வீடு தேடி வரும். காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே வழி. லியுப்லியானாவின் மையப் பகுதியிலும் கார்களுக்கு அனுமதி கிடையாது.

விண்டர் டயர் கட்டாயமா?

ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனி இருந்தால் கட்டாயம். ஸ்லோவேனியாவில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். இத்தாலியின் மலைச்சாலைகளில் பொதுவாக நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை விண்டர் டயர் அல்லது சங்கிலி வேண்டும். ஜெர்மனியில் தேதியே கிடையாது, சாலை பனியாக இருந்தால் கட்டாயம்.

அக்டோபர் பயணத்துக்கு இந்தத் தேதிகள் பொருந்தாது என்று விட்டுவிடக் கூடாது. பனி தேதி பார்த்து வருவதில்லை. மலை மீது 2,000 மீட்டருக்கு மேல் போகிறோம் என்பதால் விண்டர் டயர் அல்லது ஆல்-சீசன் டயர் உள்ள காரைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு. மலை, பனித்துகள் சின்னம் டயரில் பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் அந்தச் சின்னம் உள்ளவைதான் விண்டர் டயராகக் கணக்கில் வரும்.

இருட்டு, லீவு, பெட்ரோல்

அக்டோபர் தொடக்கத்தில் மியூனிக்கில் மாலை 7 மணி வாக்கில் சூரியன் மறையும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். அதன் பிறகு மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். மலைச்சாலையை மாலை 4 மணிக்குள் முடிப்பது போல நாளைத் திட்டமிட வேண்டும்.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அக்டோபர் 3 ஜெர்மனியிலும், 26 ஆஸ்திரியாவிலும் தேசிய விடுமுறை. குழந்தைகளுக்கான பால், பழம், பிரெட் எல்லாவற்றையும் முந்தைய நாளே வாங்கி வைக்க வேண்டும்.

பெட்ரோல் பங்கில் நாமே நிரப்ப வேண்டும். இத்தாலியில் டீசலுக்கு 'கசோலியோ' என்று பெயர். 'கேசோலின்' போல இருக்கிறதே என்று பெட்ரோல் காரில் ஊற்றினால் அவ்வளவுதான், எஞ்சின் போச்சு. பெட்ரோலுக்கு அங்கே 'பென்ஸினா'. நெடுஞ்சாலை பங்குகளை விட ஊருக்குள் விலை குறைவு.

சுவிட்சர்லாந்தையும் சேர்க்கலாமா?

ஆசை வரும். ஆனால் 10 நாளில் ஐந்தாவது நாட்டைச் சேர்த்தால் காருக்குள்ளேயே பயணம் முடிந்துவிடும். செலவும் கூடும். பணம் ஃபிராங்குக்கு மாறும். ஒரு நாள் போனாலும் நெடுஞ்சாலைக்கு 40 ஃபிராங்க் கொடுத்து ஆண்டு பாஸ்தான் வாங்க வேண்டும், குறுகிய கால பாஸ் இல்லை. ஐரோப்பிய யூனியனில் இல்லாததால், ஜெர்மனியில் வாங்கிய சிம் கார்டின் இலவச ரோமிங் அங்கே வேலை செய்யாமல் போகலாம். இரண்டு வாரம் இருந்தால் யோசிக்கலாம்.

கிளம்பும் முன் ஒரு முறை சரிபார்க்க

• பாஸ்போர்ட், விசா, காப்பீடு, அசல் லைசென்ஸ், சர்வதேச அனுமதி

• எல்லை தாண்ட வாடகை நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி

• ஆஸ்திரியா, ஸ்லோவேனியா பாஸ்கள், சரியான கார் நம்பரோடு

• எல்லோருக்கும் ஒளிரும் மேல்சட்டை. நெடுஞ்சாலையில் கார் நின்றுபோனால் அதை அணிந்துதான் இறங்க வேண்டும்

• குழந்தைகளுக்கு உயரத்துக்கேற்ற சீட்

• மலைப்பகுதியில் ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் புக்கிங்

• அவசர எண் 112. நான்கு நாடுகளிலும் ஒன்றுதான்

தினமும் காலையில் கிளம்பும் முன் அன்றைய கணவாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மூடியிருந்தால் மாற்றுச் சாலையில் போய்விடலாம், அதில் ஒரு காட்சி மட்டுமே தவறும். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று சாதாரண டயரோடு பனியில் ஏறுவதுதான் உயிருக்கு ஆபத்து.